டிரெக்டர் புகையும் செம்பனைப் பழமும்



தோட்டத்தில் டிரெக்டரைக் கிளப்பினால் குபுகுபுவென்று கரும்புகை வருமே, பார்த்திருப்பீர்கள். "அதெல்லாம் பழகிப் போச்சுங்க" என்பார்கள் நம்மவர்கள். பழகினாலும் நஞ்சு நஞ்சுதான். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் 2012-இல் அறிவித்தது.

இந்தப் புகையைக் குறைக்கும் வழி ஒன்று, நாம் வெட்டி ஏற்றும் குலையிலேயே இருக்கிறது! 1900-இல் பாரிஸ் பொருட்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது. பிறகு மண்ணிலிருந்து எடுத்த எண்ணெய் மலிவாகக் கிடைக்கவே, உலகம் அதை மறந்தது.

1981-இல் நம் குளுவாங் பாமோல் தோட்டத்தில் கேமரூன் நாட்டு வண்டு விடப்பட்டது. அது மகரந்தம் சுமந்து செம்பனைக் காய்ப்பைப் பெருக்கியது. மறு ஆண்டே செம்பனை எண்ணெயை டீசலாக்கும் ஆராய்ச்சி மலேசியாவில் தொடங்கியது. பேருந்துகளிலும் ஊற்றி ஓட்டிப் பார்த்தார்கள். இந்த டீசலில் பிராணவாயு கலந்திருப்பதால் நன்றாக எரியும், கரி குறையும். கந்தகமும் மிகக் குறைவு. 2011 முதல் படிப்படியாக 5 விழுக்காடும், 2019-இல் போக்குவரத்து வண்டிகளுக்கு 10 விழுக்காடும் கலக்கப்பட்டது.

ஆனால், எண்ணெய் மட்டும் போதுமா? போதாதுங்க. காற்று வடிகட்டி அடைத்துக் கிடந்தால் எதை ஊற்றினாலும் கரும்புகைதான். அதைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கேளுங்கள். நல்ல காற்று உழைப்பவனின் உரிமை.

மாணவர்களே, அப்பா சுமந்த குலையின் எண்ணெயே அவர் நெஞ்சைக் காக்கட்டும். அதற்கான எஞ்சினைச் செய்யும் பொறியியலாளர் நம் பள்ளியிலிருந்து வரட்டும்!