கோல்டு ஐ.ஆர்.ஏ: தங்கம் உங்களுது... வாடகை எவ்வளவு?

தங்கம் விலை ஏறும்போதெல்லாம், அமெரிக்காவில் வேலை பார்க்கிற நம்ம ஊர் நண்பர்கள் மத்தியில் ஒரு கேள்வி சுத்தும். 'கோல்டு ஐ.ஆர்.ஏ ஆரம்பிக்கலாமா?' ஆரம்பிக்கலாம். ஆனா, தங்கத்தோட விலையைப் பார்க்குறதுக்கு முன்னாடி, அதைப் பாதுகாக்க வருஷா வருஷம் கட்டப்போற கட்டணத்தைப் பார்த்துடுங்க.

ஐ.ஆர்.ஏ என்பது அமெரிக்காவில் தனிநபர்கள் தொடங்குகிற, வரிச்சலுகை உள்ள ஓய்வுக்கால சேமிப்புக் கணக்கு. 1997-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, இதில் தங்கம், வெள்ளி, பிளாட்டினம், பல்லேடியம் கட்டிகளையும் வைக்கலாம். தங்கம்னா 99.5% சுத்தம் இருக்கணும். 22 காரட் அமெரிக்கன் ஈகிள் நாணயத்துக்கு மட்டும் விலக்கு. அம்மா கொடுத்த செயின் எல்லாம் கணக்கில் சேராது!

வாங்கின தங்கத்தை வீட்டு பீரோவிலும் வைக்க முடியாது. மெக்னல்டி வழக்கில் அப்படி வீட்டில் வைத்த ஈகிள் நாணயங்களை, கணக்கிலிருந்து வெளியே எடுத்ததாகவே 2021-ல் அமெரிக்க வரி நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. விளைவு, வரி. அதனால் ஒரு வங்கியோ, ஐ.ஆர்.எஸ் அனுமதி பெற்ற நிறுவனமோ 'கஸ்டோடியனாக' இருந்தே ஆகணும். தங்கத்தை விற்பவர் ஒருவர், கணக்கைப் பார்ப்பவர் ஒருவர், பெட்டகம் வைத்திருப்பவர் ஒருவர். மூணு பேருக்கும் உங்க பாக்கெட்டிலிருந்துதான் போகுது.

கணக்கு தொடங்க ஒருமுறை கட்டணம், பிறகு வருடாந்தர பராமரிப்பு, தனியா பெட்டக வாடகை. மத்தவங்க தங்கத்தோடு கலந்து வைக்காம, உங்களுதைத் தனியா வைக்கச் சொன்னா வாடகை கூடும். பராமரிப்பும் வாடகையும் சேர்த்து வருஷத்துக்கு 250 டாலர்னு வெச்சுக்குவோம். ஒரு லட்சம் டாலர் வைத்திருப்பவருக்கு அது வெறும் 0.25%. பத்தாயிரம் வைத்திருப்பவருக்கு 2.5%! 50 வயதுக்குக் கீழே இருப்பவர் 2025-ல் போட முடிந்த உச்ச வரம்பே 7,000 டாலர்தான். அதை மட்டும் வைத்து ஆரம்பித்தால் 3.5 சதவிகிதத்தைத் தாண்டிடும். தங்கம் வட்டியும் தராது, டிவிடெண்டும் தராது. கட்டணத்தைக் கையிலிருந்து கட்டணும், இல்லைன்னா தங்கத்தையே கொஞ்சம் விற்கணும்.

சில கஸ்டோடியன்கள் நிலையான தொகை வாங்காமல், மதிப்பில் சதவிகிதம் வாங்குவாங்க. 0.5%னா, 50,000 டாலர் வரைக்கும் அது 250 டாலர் கட்டணத்தைவிட மலிவு. அதுக்கு மேல போனா நிலையான கட்டணம்தான் லாபம். தங்கம் விலை ஏறினா சதவிகிதக் கட்டணமும் கூடவே ஏறும், மறந்துடாதீங்க.

'முதல் சில வருஷம் கட்டணம் இலவசம்' என்ற விளம்பரத்தில்தான் எனக்கு சந்தேகமே வரும். விற்பவர் தங்கத்தின் விலையில் 5% கூடுதலாக வைத்தால், பத்தாயிரம் டாலருக்கு 500 டாலர் அங்கேயே போச்சு. ரெண்டு வருஷக் கட்டணம்! அதனால் அன்றைய சந்தை விலை என்ன, நீங்க விற்கிற விலை என்ன, திரும்ப வாங்கிக்கிற விலை என்னன்னு மூணையும் எழுத்தில் கேளுங்க. 'ஐ.ஆர்.எஸ் அங்கீகரித்த முதலீடு'ன்னு யாராவது சொன்னால் நம்பாதீங்க. ஐ.ஆர்.எஸ் எந்த முதலீட்டையும் சிபாரிசு பண்றதில்லை.

தங்கத்தின் விலை ஏற்றம் மட்டும் போதும்னா, சாதாரண ஐ.ஆர்.ஏ-விலேயே கோல்டு இ.டி.எஃப் வாங்கலாம். ஐஷேர்ஸ் கோல்டு டிரஸ்ட்டின் ஆண்டுச் செலவு 0.25%. 7,000 டாலருக்கு 17.50 டாலர்தான். நிஜத் தங்கமே வேணும்னா, மேலே சொன்ன வாடகைக்குத் தயாராகணும்.

ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருக்கிறவங்க இன்னொண்ணும் கேட்கணும். கணக்கை மூட, தங்கத்தை அனுப்ப, பணத்தை மாற்ற எவ்வளவு? இதெல்லாம் தனித்தனிக் கட்டணமாக இருக்கலாம். 59½ வயதுக்கு முன்னாடி எடுத்தால், வரியோடு பொதுவாக 10% அபராதமும் சேரும்.