ஜாடியின் வயிற்றில் ஜன்னல்

எங்கள் பாட்டி ஆவக்காய் போட்டு வைத்திருந்த பீங்கான் ஜாடி ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறது. கழுத்து பழுப்பு, உடம்பு வெள்ளை. வயிற்றில் மயிரிழை போல ஒரு கீறல். ஐந்து வயதில் நான் உருட்டிவிட்டதன் அடையாளம். ஜாடி தங்கை வீட்டுக்குப் போகப் போகிறது. படமாவது என்னிடம் இருக்கட்டுமே என்று அண்ணன் மகனைப் போட்டோ எடுக்கச் சொன்னேன்.

படத்தில் ஜாடி இருந்தது. அதன் வயிற்றில் கூடத்து ஜன்னல், பனியனோடு பையன், அவன் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நான், எல்லோரும் இருந்தோம். கீறலைத்தான் காணோம். அதன் மேல்தான் வெள்ளை வெளேரென்று ஜன்னல் விழுந்திருந்தது.

பீங்கானைப் படம் பிடிக்கும் ஆசை போட்டோக் கலையின் வயதே உடையது. இங்கிலாந்தில் டால்பட் என்ற கனவான் 1844 முதல் 1846 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட 'இயற்கையின் பென்சில்' என்ற நூலில் 24 போட்டோக்களை ஒட்டியிருந்தார். மூன்றாவது படம் அலமாரித் தட்டுகளில் அடுக்கிய பீங்கான் சாமான்கள். இவை திருட்டுப் போனால் இந்தப் படத்தைக் கோர்ட்டில் காட்டலாமே, அந்த ஊமைச் சாட்சியை நீதிபதி என்ன செய்வார் என்று அவர் வேடிக்கையாகக் கேட்கிறார். அடுத்த படத்துக்கு எழுதிய குறிப்பிலோ, நீல நிறமும் ஏறக்குறைய வெள்ளையைப் போலவே பதிந்துவிடுகிறது என்று ஒப்புக்கொள்கிறார். நீலப் பூப்போட்ட தட்டைத் திருடியவனுக்கு நல்ல வக்கீல் கிடைத்திருந்தால் ஊமைச் சாட்சியின் கதி என்ன? 1873இல் வோகல் என்ற ஜெர்மானியர் சாயம் கலந்து, பச்சையையும் மஞ்சளையும் உணரும்படி தகட்டைப் பழக்கினார். அதன் பிறகுதான் இந்தத் தொல்லை மெல்லக் குறைந்தது.

பளபளப்பு அப்படிக் குறையவில்லை. மண் பானை தன் மேல் படும் வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறடித்துவிடும். மெருகு என்பதோ மண்ணின் மேல் உருகிப் படிந்த கண்ணாடி. உருண்டைக் கண்ணாடி எதிரே இருக்கும் அறை முழுவதையும் சுருக்கி வாங்கிக்கொள்கிறது. மக்கை ஒற்றி மங்கலாக்கிப் பார்த்தார்கள். வெள்ளைத் துணியால் கூடாரம் கட்டி, ஓட்டை வழியே காமிராவை நீட்டிப் பார்த்தார்கள். கூடாரத்துக்குள் பிரதிபலிப்பு ஒழிந்துவிடவில்லை. ஜாடி வெறும் துணியைப் பிரதிபலித்தது, அவ்வளவுதான்.

வழி வேறு திசையிலிருந்து வந்தது. 1808இல் பாரிஸில் மாலுஸ் என்பவர், லக்ஸம்பர்க் அரண்மனை ஜன்னல்களில் மின்னிய மாலை வெயிலை ஐஸ்லாந்து ஸ்படிகத்தின் வழியே பார்த்தார். எதையும் இரண்டாகக் காட்டும் கல் அது. திருப்பத் திருப்ப, இரண்டில் ஒரு பிம்பம் மங்கியது. கண்ணாடியில் சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே வாட்டத்தில் அதிர்கிறது என்பதே அதன் பொருள். கண்ணாடிக்கு ஏறக்குறைய 56 டிகிரியில் அது முழுமையாக நடக்கும். அந்த வாட்டத்துக்கு மட்டும் கதவைச் சாத்தும் சல்லடை ஒன்று கிடைத்தால் போதும்.

அது கிடைத்த கதையை நான் நாவலில் எழுதினால் பத்திரிகை ஆசிரியர் நம்பாமல் திருப்பி அனுப்பியிருப்பார். 1852இல் பிரிஸ்டல் நகரத்து வைத்தியர் ஹெராபாத்தின் மாணவர் ஒருவர், கொய்னா தின்ற நாயின் மூத்திரத்தில் அயோடினை விட்டார். பச்சையாகச் சிறு ஸ்படிகங்கள் விளைந்தன. அவைதாம் சல்லடை! ஆனால் பொடிப் பொடியாக இருந்தன, தொட்டால் உடைந்தன. 1929இல் அமெரிக்காவில் எட்வின் லேண்ட் என்ற வாலிபர், பெரிய ஸ்படிகத்துக்கு ஏங்காமல், பொடியையே ஒரே திசையில் வரிசைப்படுத்தித் தகடாக்கினார். சில வருஷங்களில் அது காமிராவின் கண்ணுக்கு வந்துவிட்டது. இன்றைய தகட்டில் நாயும் இல்லை, கொய்னாவும் இல்லை. அயோடின் மட்டும் நிலைத்துவிட்டது.

பையன் அப்படியொரு தகட்டை இரவல் வாங்கி வந்தான். வளைந்த ஜாடியில் எல்லா இடமும் 56 டிகிரியாக இருக்குமா? பாதி ஜன்னல் மறைந்தது, பாதி நின்றது. ஜன்னலைச் சாத்தி விளக்கேற்றி, விளக்கின் முன்னாலும் அதே மாதிரித் தகட்டைக் கட்டினான். காமிராத் தகட்டைத் திருப்பியதும் பளபளப்பு முழுவதும் போயிற்று. கீறல் துல்லியமாகத் தெரிந்தது. ஆனால் அது பாட்டியின் ஜாடியாக இல்லை. அட்டையில் வெட்டி வைத்தது போல் இருந்தது. எண்ணெய்க் கையால் அவள் துடைத்துத் துடைத்து வைத்த மினுமினுப்பு எங்கே?

"கொஞ்சம் திருப்புடா" என்றேன். திருப்பினான். தோள் பக்கம் ஒரு கீற்று வெளிச்சம் வந்தது. கீறலும் இருந்தது. அந்தப் படத்தைத்தான் மேஜைமேல் வைத்திருக்கிறேன்.