துணி உலர்ந்த வெளிகள்

ஈரத் துணியை வெயிலில் உலர்த்துவது மேலா, இயந்திரத்தில் இட்டு உலர்த்துவது மேலா என்னும் கேள்வி வீட்டுக் கணக்கைச் சேர்ந்தது. சரித்திர மாணவனுக்கு அதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். சரித்திரம் என்றால் முடியும் வாளும் மட்டுமே என்று எண்ணுகிறவர்களுக்கு அது நியாயமான கேள்விதான். ஆயினும் நம் நாட்டில் துணி உலர்ந்த வரலாற்றைச் சற்றுத் துருவிப் பார்த்தால், அதை விரித்த கை யாருடையது, மழை குறுக்கிட்டபோது நட்டம் யாரைச் சேர்ந்தது என்ற பழங் கேள்விகள் தலைதூக்குகின்றன. அவற்றுக்கு விடை தேடாமல் வெயிலையும் இயந்திரத்தையும் எடை போடுவது அரைக் கணக்கே ஆகும்.

நம் தருமபுரியிலிருந்தே தொடங்கலாம். இவ்வூரின் பழம்பெயர் தகடூர் என்பதும், அதியமான் நெடுமான் அஞ்சி இங்கிருந்து ஆண்டான் என்பதும், ஔவையார் அவனுக்கு உற்ற நண்பராய் விளங்கினார் என்பதும் நீங்கள் படித்தவையே. அந்த ஔவையார் பாடியதாகப் புறநானூற்றில் உள்ள 311ஆம் பாட்டு ஒரு வீரனைப் பற்றியது. பாட்டில் அதியமான் பெயர் இல்லை. ஆனால் அவ்வீரன் உடுத்திய தூய வெள்ளாடை எங்கிருந்து வந்தது என்பதைப் புலவர் மறவாமல் சொல்கிறார். களர் நிலத்தில் கிணறு தோண்டி, நாள்தோறும் துணி வெளுக்கும் ஒரு பெண்ணின் கையிலிருந்து வந்தது அது. அக்காலத்தில் அவளைப் ‘புலைத்தி’ என்று வழங்கினர். பயிர் விளையாத களரில் எதற்காகக் கிணறு தோண்ட வேண்டும்? களர் மண்ணிலும் நீரிலும் சோடா உப்புக் கலந்திருக்கும். அது எண்ணெய்ப் பிசுக்கை அறுத்து அழுக்கை நீக்கும். உழவன் கைவிட்ட நிலத்தைச் சலவை செய்பவள் தன் தொழிற்சாலையாக்கிக் கொண்டாள் என்று பொருள். இரசாயனப் பாடப் புத்தகம் எதுவும் அவளுக்குக் கிடைக்கவில்லை என்பதை மனத்திற் கொண்டு, அவள் அறிவை மதிப்பிடுங்கள்.

குறுந்தொகையின் 330ஆம் பாட்டில் அவள் துணிக்குக் கஞ்சிப் பசை தோய்க்கிறாள். நற்றிணையின் 90ஆம் பாட்டிலோ ஊரில் திருவிழா. எல்லாரும் புத்தாடையும் சலவையாடையும் உடுத்தி ஆடக் காத்திருக்க, அவள் மட்டும் கை ஓயாமல் இரவிலும் துணி தோய்க்கிறாள். ஊருக்குத் திருநாள் என்றால் அவளுக்கு அது வேலை மிகுந்த நாள். இந்த முரண்பாடு சங்க காலத்தோடு முடிந்துவிடவில்லை.

பிற்காலத்தில் நம் ஊர்களில் நிலைத்த வெள்ளாவி முறையை உங்கள் பாட்டனாரைக் கேட்டால் சொல்லுவார். அழுக்குத் துணியை உவர்மண் கரைத்த நீரில் நனைத்துப் பிழிந்து, அடுப்பின் மேல் வைத்த தண்ணீர்ப் பானையைச் சுற்றி அடுக்கடுக்காக ஏற்றி, இரவு முழுவதும் ஆவியில் வேக வைப்பார்கள். விடிந்ததும் பொதியைக் கழுதைமேல் ஏற்றி ஆற்றுக்கோ ஏரிக்கோ கொண்டு சென்று, கல்லில் அடித்து அலசி, நீலமும் கஞ்சியும் இட்டு, மணலிலும் புல்லிலும் கயிற்றிலும் விரிப்பார்கள். இந்த வெயிலுக்கு இரண்டு வேலை உண்டு. ஈரத்தைப் போக்குவது ஒன்று. ஈரம் இருக்கும்போதே துணியிலுள்ள பழுப்பு நிறத்தை ஒளியும் காற்றும் சேர்ந்து வெளுப்பது மற்றொன்று. ஆகையால்தான் வெள்ளைத் துணிக்கு நல்ல வெயிலும், சாயத் துணிக்கு நிழலும் வேண்டும் என்று அனுபவசாலிகள் பிரித்து வைத்தனர். பல வீட்டுத் துணிகள் ஒரே வெள்ளாவியில் வெந்தாலும் மாறிப்போவதில்லை. சேங்கொட்டையின் கறுப்புச் சாற்றால் ஓரத்தில் இட்ட குறி, துணி கிழியும் வரை அழியாது. எழுத்தறியாதவர் என்று ஊரார் கருதிய மனிதர், அந்தக் குறிகளைக் கொண்டே ஒரு கிராமத்தின் குடும்பங்கள் அனைத்தையும் பிழையின்றிப் படித்து வந்தார்!

இத்தனைக்கும் அவருக்குக் கிடைத்த கூலி பெரும்பாலும் பணமன்று. அறுவடைக் காலத்தில் களத்து மேட்டில் அளந்து கொடுத்த தானியமும், வீடுகளில் வாங்கிய சோறுமே. விளைச்சல் பொய்த்த ஆண்டில் அளவும் பொய்க்கும். ஆனால் துணி அழுக்காவது நிற்பதில்லை.

மழை குறுக்கிட்டால் என்ன நேரும் என்பதைத் தமிழில் மிகக் கூர்மையாகச் சொன்னவர் 12ஆம் நூற்றாண்டின் சேக்கிழார். பெரியபுராணத்தில் வரும் திருக்குறிப்புத்தொண்ட நாயனார் காஞ்சிபுரத்துச் சலவைத் தொழிலாளர். குளிரில் நடுங்கிய முதிய அடியவர் ஒருவர், தம் ஒரே கந்தையை வெளுத்து, உலர்த்தி, பொழுது சாயுமுன் திருப்பித் தர வேண்டும் என்ற உறுதியோடு கொடுக்கிறார். நாயனார் வெளுத்துவிட்டார், உலர்த்தப் போகும் வேளையில் மழை பிடித்துக்கொண்டது. விடவில்லை. வாக்குத் தவறிய துயரத்தில் துணி துவைக்கும் கல்லிலேயே தம் தலையை மோத முனைகிறார். இறைவன் கை தடுத்து ஆட்கொள்கிறது. இதனைப் பக்திக் கதையாகப் பலரும் பேசியிருக்கிறார்கள். நான் அதிலுள்ள தொழில் உண்மையைச் சுட்ட விரும்புகிறேன். வெளுப்பது தொழிலாளியின் கையில் இருந்தது. உலர்வது அவர் கையில் இல்லை. தம் கையில் இல்லாத ஒன்றுக்கும் அவரே பொறுப்பாளியாக நின்றார்.

கிழக்கிந்தியக் கம்பெனி வந்த பிறகு இந்தப் பொறுப்புக் கடல் கடந்த வாணிகத்தோடு பிணைந்தது. தறியிலிருந்து இறங்கும் துணி பழுப்பாக, பாவுக்கு இட்ட கஞ்சியோடு இருக்கும். அதை வெளுத்த பின்னரே கப்பலுக்குக் கட்டுவார்கள். நல்ல நீரும் அகன்ற வெளியும் தேவைப்பட்ட இவ்வேலைக்காகக் கோட்டைக்கு வடக்கே குடியமர்ந்தவர்களின் பெயரையே சென்னை வண்ணாரப்பேட்டை இன்றும் தாங்கி நிற்கிறது. 1734-இல் சிந்தாதிரிப்பேட்டையை அமைத்தபோதும், நூற்போர், நெய்வோர் ஆகியோருடன் வெளுப்போரையும் சேர்த்தே குடியேற்றினர். சென்னைக் கடலில் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் கப்பல்கள் நிற்பது ஆபத்து. அதே பருவத்து மழை துணி உலரவும் விடாது. கப்பலுக்கும் கயிற்றுக்கும் ஒரே மேகம் பகை என்றால் வெளுப்போர் பட்ட அவசரத்தை ஊகிக்கலாம். 1792-இல் திப்பு சுல்தானுடன் செய்த உடன்படிக்கையால் நம் பாராமகால் பகுதி கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீட் தலைமையில், பின்னாளில் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோ தருமபுரியில் இருந்து 1799 வரை நிலவரி வேலை பார்த்தார். நிலத்தை அளந்து வரி கண்டவர்களின் கணக்கில், துணி உலர்ந்த ஆற்றுமணல் பெறுமதியற்ற நிலம். தொழிலாளிக்கோ அதுவே முதல்.

ஐரோப்பாவில் மட்டும் என்ன? அங்கும் துணி புல்வெளியில்தான் வெளுத்தது. ஆலந்து நாட்டு ஆர்லெம் நகரத்தின் வெளுப்பு வெளிகள் பெயர் பெற்றவை. நீண்ட வெண்துணிகள் அங்கே விரிந்து கிடக்கும் காட்சியை 17ஆம் நூற்றாண்டில் ருயிஸ்தால் என்ற ஓவியர் தீட்டியிருக்கிறார். அந்நாட்டு மெல்லிய வெயிலில் ஒரு துணி வெளுக்க மாதக் கணக்காகும். 1774-இல் ஷீலே குளோரின் வாயுவைக் கண்டார்; 1785-இல் பெர்த்தோலே அதன் வெளுக்கும் ஆற்றலை வெளியிட்டார்; 1799-இல் சார்லஸ் டென்னன்ட் சலவைத் தூளுக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். மாதங்கள் நாட்களாகச் சுருங்கின, புல்வெளிகள் விடுபட்டன. வெயிலின் இரண்டு வேலைகளில் வெளுக்கும் வேலையை இவ்வாறு இரசாயனம் எடுத்துக்கொண்டது. உலர்த்தும் வேலை மிச்சமிருந்தது.

அதற்கும் ஆள் வந்தது. 1800ஆம் ஆண்டளவில் பொஷோன் என்ற பிரெஞ்சுக்காரர், துளையிட்ட உருளையில் துணியை இட்டு நெருப்பின்மேல் கையால் சுழற்றும் கருவி ஒன்றைச் செய்தார். 1892 ஜூன் 7-இல் ஜார்ஜ் சாம்ப்சன் என்ற அமெரிக்க நீக்ரோவர், அடுப்பின் வெப்பத்தில் துணி உலர்த்தும் சட்டத்திற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். பின்னர் வட டகோட்டா மாநிலத்தின் கடுங்குளிரில், கொடியில் இட்ட துணி விறைத்துப் போவதைக் கண்டு சலித்த ராஸ் மூர் என்பவரின் முயற்சியால் மின்சார உலர்த்தி 1938-இல் விற்பனைக்கு வந்தது. ‘டம்பிள் டிரையர்’ என்று இன்று விளம்பரங்களில் நீங்கள் காண்பது இதன் வழித்தோன்றலே. உருளை சுழலச் சுழலத் துணி மேலேறிக் கீழே விழுகிறது. சூடான காற்று ஊடே பாய்ந்து ஈரத்தை வாரிக்கொண்டு போகிறது. பனி உறையும் தேசத்தில் பிறந்த கருவி இது என்பதை மறந்துவிட்டு, சித்திரை வெயில் கொளுத்தும் தருமபுரியில் இதன் தேவையைப் பேசுவது சரியாகாது.

வகுப்பில் ஆவியாதல் பாடம் நடத்துகையில் நான் ஒரு ஈரத் துண்டை எடுத்துச் சென்று சன்னலில் போடுவேன். மணி அடிப்பதற்குள் பாதி உலர்ந்திருக்கும். அதன் கணக்கைப் பார்ப்போம். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,400 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். மின்சாரக் கணக்கில் இது ஒரு யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு. இயந்திரத்தில் துவைத்துப் பிழிந்த ஐந்து கிலோ துணியில் மூன்று லிட்டர் நீர் தங்கியிருப்பதாகக் கொண்டால், இரண்டு யூனிட்டுக்குக் குறைந்து அது உலராது. வெப்பக் காற்றை வெளியே விட்டுவிடும் சாதாரண இயந்திரத்தில் இன்னும் அதிகம் செலவாகும். வெப்பத்தை மீட்டுப் பயன்படுத்தும் புதுவகை இயந்திரத்திற்கு ஏறத்தாழப் பாதி போதும். மொட்டை மாடியில் அதே நீரை ஆவியாக்குவதற்குச் சூரியன் பட்டியல் அனுப்புவதில்லை. மாடியும் வெயிலும் உள்ள வீட்டில் இந்த இயந்திரம் வீண் செலவு என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் மாடி எல்லாருக்கும் உண்டா? அமெரிக்காவில் பல குடியிருப்புச் சங்கங்கள், கொடியில் துணி தொங்கினால் தெருவின் அழகு கெடும், வீட்டின் விலை குறையும் என்று தடை விதித்தன. இதற்கு எதிராகப் புளோரிடா மாநிலம் 1980-இலும், வெர்மான்ட் மாநிலம் 2009-இலும் சட்டம் செய்து, வெயிலில் துணி உலர்த்தும் உரிமையைக் காக்க வேண்டி வந்தது. சூரியனை உபயோகிக்கச் சட்டத்தின் துணை! சிரிப்பதற்கு முன், நம் நகரங்களின் அடுக்குமாடிக் கட்டடங்களிலும் முன்பக்கத்தில் துணி தொங்கவிடக் கூடாது என்னும் விதிகள் புகுந்திருப்பதைக் கவனியுங்கள்.

வீட்டாருக்கு நேர்ந்தது இது. தொழிலாளருக்கு நேர்ந்தது இதனினும் பெரிது. ‘வண்ணான்துறை’ என்ற பெயர் தமிழ்நாட்டில் பல இடங்களில் இருக்கிறது. துறை இல்லாமற் போன பின்னும் பெயர் மட்டும் எஞ்சிய இடங்கள் உண்டு. டெரிலின் முதலிய செயற்கை இழைகள் பரவியபோது வெள்ளாவிக்கும் மதிப்புக் குறைந்தது. அத்துணி ஆவியில் வேகத் தகுந்ததன்று, உலர்வதற்கும் அதிக நேரம் கேட்பதில்லை. ஒரு சாரார் தொழிலை விட்டுப் படித்து வேறு வேலைக்குச் சென்றனர். அது நல்லதே என்பேன். ஏனெனில் தொழிலின் அருமையைப் பேசுகிற நாம், அதைச் செய்தவர்களுக்கு வைத்த இடத்தையும் பேச வேண்டும். ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் துணி வெளுத்த காரணத்தால் அவர்களினும் கீழாகத் தள்ளப்பட்ட புதிரை வண்ணார்க்கென்று ஒரு நல வாரியம் அமைய 2009 வரை காலம் பிடித்தது.

வெளி காப்பாற்றப்பட்ட ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். கேரளத்துக் கொச்சிக் கோட்டைப் பகுதியில், ஆலந்துக்காரர் காலத்தில் படைவீரரின் உடை வெளுக்கத் தமிழகத்திலிருந்து சென்றவர்களின் வழியினர் என்று சொல்லப்படும் குடும்பங்கள் இத்தொழிலைச் செய்து வருகின்றன. அவர்களுக்காக 1976-இல் பொதுச் சலவைக்கூடம் ஒன்று கட்டப்பட்டது. ஒவ்வொருவருக்கும் தனித் தொட்டி. அருகே கொடிகள் கட்டிய திறந்த வெளி. அங்கே துணிக்குக் கவ்விகள் இல்லை. முறுக்கிய இரட்டைக் கயிற்றின் புரிகளுக்கிடையே துணியின் நுனியைச் செருகிவிடுகிறார்கள். காற்று இழுத்தாலும் விடாது. பௌதிகம் படிக்கும் மாணவர் இதைப் பார்த்து உராய்வு விதியைக் கற்கலாம்.

தமிழக அரசும், சலவைத் தொழிலாளர் பத்துப் பேர் குழுவாகச் சேர்ந்து நவீன சலவையகம் அமைக்க நிதியுதவி அளிக்கும் திட்டத்தை நடத்தி வந்திருக்கிறது. வீட்டில் வீண் என்று நான் சொன்ன உலர்த்தும் இயந்திரத்தை இத்தகைய இடத்தில் வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் மாவட்டத்திற்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவங்களிலும் மழை உண்டு. ஐப்பசி அடைமழையில் மருத்துவமனை விரிப்புகளையும் திருமண வீட்டு வேட்டிகளையும் குறித்த நாளில் கொடுப்பதாக ஒப்புக்கொண்டவர், வானத்தைப் பார்த்துக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இயந்திரம் ஒன்றைப் பத்துப் பேரும் பொதுவில் வைத்துக்கொண்டு, வெயில் உள்ள நாளெல்லாம் கொடியையும் மழை நாளில் மட்டும் மின்சாரத்தையும் பயன்படுத்தினால் செலவும் அடங்கும். அதற்குச் சலவையகத்தின் பக்கத்தில் கொடி கட்ட நாலு சென்ட் வெற்றிடமும் ஒதுக்க வேண்டும். கட்டட வரைபடம் தயாரிக்கும் மேசையில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் அந்த நாலு சென்ட்தான்.