கூடாரத்திலிருந்து கட்டடத்துக்கு: சாமிக்கண்ணு வின்சென்ட்டின் தொழில் கணக்கு

தமிழ்த் திரைப்பட வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் படம் எடுத்தவர்களிடமிருந்தே தொடங்குகிறார்கள். படம் காட்டியவர்களுக்குக் கிடைப்பது இரண்டொரு பத்திதான். கொங்கு நாட்டைப் பொறுத்தவரை இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. இங்கே திரையரங்கு முதலில் வந்தது. ஸ்டூடியோ இருபது ஆண்டுகள் கழித்தே வந்தது. இடைப்பட்ட காலத்தை நிரப்பியவர்களில் முதன்மையானவர் கோவையில் 1883-இல் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட்.

திருச்சியில் ரயில்வேயில் வரைபடம் வரையும் ஊழியராக இருந்தபோது அவர் வாங்கிய சம்பளம் மாதம் 25 ரூபாய். 1905-இல் து போன் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகப் படம் காட்டி வந்தார். உடல்நலம் கெட்டு ஊர் திரும்ப நினைத்த அவரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கினார். இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் விலை. அதாவது அவருடைய ஆறரை ஆண்டுச் சம்பளத்துக்கும் அதிகம். பண்டிகைக் கூட்டத்தைப் பார்த்து ஆசைப்பட்டவர் செய்கிற காரியமல்ல இது. மாதச் சம்பள வேலையையும் அதோடு விட்டுவிட்டார்.

கூடாரம், புரொஜெக்டர், ஏசுவின் வாழ்க்கைப் படம், சில துண்டுப் படங்கள். இவ்வளவுதான் மூலதனம். அந்நாளில் படச்சுருளை வாடகைக்கு எடுக்கும் வழக்கம் பரவவில்லை. அடி கணக்கில் விலை கொடுத்து வாங்கியாக வேண்டும். எனவே கையிலிருக்கும் படம் மாறாது, ஊர்தான் மாற வேண்டும். வின்சென்ட் தென்னாட்டைத் தாண்டி லாகூர், பெஷாவர் வரை போனதையும் பர்மாவுக்குக் கப்பலேறியதையும் பலர் சாகசமாக எழுதியிருக்கிறார்கள். சாகசம் இல்லாமல் இல்லை. ஆனால் அடிப்படையில் அது கணக்கு. பார்த்த கூட்டம் அதே படத்துக்கு மறுபடி காசு கொடுக்காது.

1907-இல் பிரான்சின் பாத்தே நிறுவனம் படங்களை விற்பதை விட்டு வாடகைக்குத் தரும் முறைக்கு மாறத் தொடங்கியது. கல்கத்தாவில் ஜே. எஃப். மதன் நிலையான அரங்கு எழுப்பியதும் அதே ஆண்டில்தான். கணக்கு தலைகீழானது: இனி ஊர் மாறாது, படம் மாறும். கூடாரக்காரர்களில் பலர் இந்த மாற்றத்தைத் தாண்டவில்லை. வின்சென்ட் தாண்டினார். புரொஜெக்டர் விற்கும் முகவரானார். 1914-இல் கோவை டவுன் ஹால் பக்கத்தில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். அதே காலத்தில் சென்னையில் ரகுபதி வெங்கையா கெயிட்டி அரங்கைத் திறந்தார். ஒருவர் ரயில்வேயிலிருந்து வந்தவர், மற்றவர் புகைப்படக்காரர். இருவருமே கூடாரத்தில் காசு பார்த்துக் கட்டடத்தில் போட்டவர்கள்.

அதற்குப் பிறகு இருவரின் வழியும் பிரிகிறது. வெங்கையா குடும்பம் 1921-இல் மௌனப்படத் தயாரிப்பில் இறங்கியது. வின்சென்ட் பணத்தைப் படத்தில் போடவில்லை, இயந்திரத்தில் போட்டார். பைக்காரா நீர்மின்சாரம் 1930-களில்தான் வந்தது. அதுவரை அரங்குக்கு வேண்டிய மின்சாரத்தைச் சொந்த எஞ்சின் வைத்துத்தான் எடுக்க வேண்டும். காட்சிகள் மாலையிலும் இரவிலும். பகலில் எஞ்சின் சும்மா நிற்பதா? 1916 வாக்கில் மின்சார அச்சகம், பின்னர் அரிசி ஆலை என்று அவர் தொழில் விரிந்தது. சினிமாவும் அச்சும் ஒன்றையொன்று தாங்கி வளர்ந்த காலம் அது. படத்துக்குக் கூட்டம் சேர்த்தது மாட்டுவண்டியில் தம்பட்டம் அடித்து வீசிய நோட்டீஸ். பேசும்படம் வந்த பின் அரங்க வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம். ஒரே முதலாளியிடம் திரையும் அச்சும் மின்சாரமும் இருந்தது கோவையில் தற்செயலாக நடந்தது என்று இக்கட்டுரை கருதவில்லை.

1931-இல் ‘காளிதாஸ்’ பேசும்படம் வந்து, தமிழ்ப் பேச்சுக்குச் சந்தை உண்டு என்று தெரிந்த பிறகுதான் அவர் தயாரிப்புக்கு வந்தார். தென்னாட்டில் ஒலிப்பதிவு ஸ்டூடியோ இல்லாததால் கல்கத்தா பயனீர் நிறுவனத்தோடு சேர்ந்து ‘வள்ளி திருமணம்’ எடுத்தார். டி. பி. ராஜலட்சுமி நடித்த அந்த 1933-ஆம் ஆண்டுப் படம் நன்றாக ஓடியது. மேடையில் மக்கள் ஏற்கெனவே கொண்டாடிய கதை, பெயர் பெற்ற நடிகை: அரங்கு வாசலில் நின்று கூட்டத்தைப் படித்தவரின் தேர்வு அது. சென்னையில் ஏ. நாராயணனின் ஒலிப்பதிவு ஸ்டூடியோவே 1934-இல்தான் வந்தது.

கோவையிலிருந்து சத்தி ரோட்டில் அன்னூர், புளியம்பட்டி என்று நீளும் ஊர்களுக்கு நிலையான அரங்கு உடனே வாய்க்கவில்லை. அப்படிப்பட்ட சிற்றூர்களின் சினிமா, வின்சென்ட் 1914-இல் விட்டுவந்த கூடாரத்தின் வாரிசான டூரிங் டாக்கீஸ்தான். தரை, பெஞ்சு, நாற்காலி என்று டிக்கெட் பிரித்த அந்தக் கொட்டாய்கள் நகரத்தில் ஓடி முடிந்த படத்துக்கு இரண்டாவது வருமானம் தேடிக் கொடுத்தன. கோவை முதலாளிகள் துணிந்து ஸ்டூடியோ கட்ட இந்தச் சில்லறை வசூலும் ஒரு தைரியம்.

1930-களில் சென்ட்ரல் ஸ்டூடியோ, 1940-களில் ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா. எம்.ஜி.ஆர். கதாநாயகனாக அறிமுகமான ‘ராஜகுமாரி’ 1947-இல் சென்ட்ரலில் உருவானது. ‘மலைக்கள்ளன்’ 1954-இல் பட்சிராஜாவிலிருந்து வந்தது. வின்சென்ட் 1942-லேயே இறந்துவிட்டார். நடிகர்களும் தொழில்நுட்பக்காரர்களும் கோடம்பாக்கத்தில் குவியக் குவிய, கோவை ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக வேலை இழந்தன. வெரைட்டி ஹால் மட்டும் டிலைட் என்று பெயர் மாறி, அவை மூடிய பின்னும் பல்லாண்டுகள் படம் ஓட்டியது.