சிவப்பு உள்ளான்: இரையும் வலசையும்

சிவப்பு உள்ளான் நடுத்தர உருவமுள்ள ஒரு கரைப்பறவை. ஆங்கிலத்தில் ரெட் நாட் என்பார்கள். உடல் நீளம் 25 செ.மீ. அளவு, எடை ஏறக்குறைய 130 கிராம். முட்டையிடும் பருவத்தில் முகமும் மார்பும் செங்கல் நிறத்துக்கு மாறும். மற்ற மாதங்களில் சாம்பல் நிறத்தில், சேற்றோடு சேறாகத் தெரியும். 1758-இல் லின்னேயஸ் இதற்குக் 'கேனூட்டஸ்' என்று பெயரிட்டார். கடலலையைப் பின்வாங்கச் சொன்னதாகக் கதைகளில் வரும் கேன்யூட் மன்னனின் பெயரே அது என்று ஒரு பழைய விளக்கம் உண்டு. அலை ஏற ஏற ஒதுங்கி, அலை வடிய வடியப் பின்னாலேயே ஓடி இரை பொறுக்கும் பறவைக்கு அது பொருந்தத்தான் செய்கிறது.

இதில் ஆறு துணையினங்கள் உண்டு. அனைத்தும் வடதுருவத்தை ஒட்டிய தூந்திரச் சமவெளியில் முட்டையிடுகின்றன. கோடை முடிந்ததும் ஒவ்வொன்றும் ஒரு திசையில் பிரிந்து, மேற்கு ஐரோப்பா, மேற்கு ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கக் கண்டங்களின் கரைகள் என்று போய்ச் சேர்கின்றன. கோடியக்கரைக்குக் குளிர்காலத்தில் வரும் கொசு உள்ளானும் இதே 'கலிட்ரிஸ்' பேரினந்தான். அதன் பிறந்த வீடும் துருவப் பகுதியே.

இந்தப் பறவை இரை தேடும் விதம் வியப்புக்குரியது. அதன் முக்கிய உணவு மட்டி, சிறு சிப்பி, நத்தை போன்றவை. இவை ஈரச் சேற்றுக்குள் புதைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. உள்ளான் மூன்று, மூன்றரை செ.மீ. நீளமுள்ள அலகைச் சேற்றில் விடாமல் குத்திக் குத்தி எடுக்கும். ஒவ்வொரு குத்துக்கும் மணல் துகள்களுக்கு இடையே உள்ள நீர் நெருக்கப்பட்டு ஓட முயல்கிறது. பக்கத்தில் சிப்பி கிடந்தால் நீர் அங்கே தடைபட்டு, அழுத்தம் மாறுகிறது. அலகு நுனியில் உள்ள நுண்ணிய குழிகளில் செறிந்திருக்கும் உணர்வு முனைகள் அந்த மாற்றத்தைப் பிடித்துவிடுகின்றன. நெதர்லாந்து ஆய்வாளர் தியூனிஸ் பியர்ஸ்மாவும் அவருடைய குழுவினரும் 1998-இல் இதை விளக்கினார்கள். ஈர மணலில் சிப்பிக்குப் பதிலாக வெறும் கல்லைப் புதைத்து வைத்தபோதும் பறவை அதைக் கண்டறிந்தது. வாசனையோ அசைவோ இல்லாத ஒரு பொருளையும் தொடாமலே உணரும் அலகு அது.

அலகின் நீளம் சில மில்லிமீட்டர் குறைந்தாலும் பிழைப்பு கெடும். மேற்கு ஆப்பிரிக்காவில் மௌரித்தானியாவின் பாங்க் டார்கின் சேற்றுவெளியில் குளிர்காலத்தைக் கழிக்கும் உள்ளான்களிடம் இதைப் பார்க்கலாம். அங்கே ஏராளமாகக் கிடைப்பது 'லோரிப்பஸ்' என்ற சிப்பி. அதன் செவுள்களில் கந்தகத்தைக் கொண்டு வாழும் பாக்டீரியாக்கள் உள்ளன. அளவுக்கு மீறித் தின்றால் பறவைக்கு வயிற்றுப்போக்கு. ஆனாலும் அது இல்லாமல் தீராது, அதுவும் பெரும்பாலும் ஆழத்தில் புதைந்திருக்கும். துருவப் பகுதி வெப்பமடைந்து பனி முன்கூட்டியே உருகுவதால், குஞ்சு பொரிக்கும் வேளையில் பூச்சிகளின் உச்சக்காலம் கடந்துவிடுகிறது. அரைவயிறாக வளரும் குஞ்சின் உடலும் அலகும் சிறுத்துப்போகின்றன. 33 ஆண்டு அளவீடுகளை வைத்து யான் வான் கில்ஸ் குழுவினர் 2016-இல் இதை வெளியிட்டார்கள். அலகு குட்டையான இளம்பறவைகளுக்குச் சிப்பி எட்டுவதில்லை. கடற்புல்லின் வேர்த்தண்டைத் தின்று காலம் தள்ளுகின்றன. அவற்றில் பிழைப்பவை குறைவு. துருவத்தில் பட்ட அடியின் விலையை அந்தப் பறவை வெப்பமண்டலக் கரையில் செலுத்துகிறது.

கிடைத்த சிப்பியை உள்ளான் உடைப்பதில்லை. ஓட்டோடு முழுதாக விழுங்கிவிடும். உடைக்கும் வேலை அரைவைப் பையுடையது. தடித்த தசையாலான அந்தப் பை ஓட்டை நொறுக்கி, தூளைக் குடலுக்குத் தள்ளுகிறது. ஒரு நாளில் எவ்வளவு தின்ன முடியும் என்பதைத் தீர்மானிப்பது, பெரும்பாலும் எவ்வளவு ஓட்டை அந்தப் பை அரைக்கும் என்பதே. கடினமான இரை தின்னும் காலத்தில் பை பருக்கும். மென்மையான இரை தின்னும் காலத்தில் சுருங்கும். நெடும்பயணத்துக்கு முன்னும் அப்படித்தான்: கொழுப்பும் பறக்கும் தசையும் ஏற, வழியில் பயன்படாத செரிமான உறுப்புகள் இளைத்துவிடுகின்றன. சுமையைக் குறைத்துக்கொண்டு கிளம்பும் பறவை, இறங்கும் இடத்தில் உடனே ஓட்டை அரைக்க வலுவில்லாத வயிற்றோடு இறங்குகிறது.

'ரூஃபா' என்ற அமெரிக்கத் துணையினத்தின் கதை முழுதும் இந்த ஒரு உண்மையைச் சுற்றியே வருகிறது. கனடாவின் துருவப் பகுதியிலிருந்து தென்னமெரிக்காவின் தென்கோடியான டியர்ரா டெல் ஃபியூகோ வரை, ஒரு வழிக்கே சுமார் 15,000 கி.மீ. போகும் பறவைகள் இதில் உண்டு. ஒளியை அளந்து பயணத்தைப் பதிவு செய்யும் சிறு கருவி கட்டிவிடப்பட்ட ஒரு பறவை, ஆறு நாளில் 8,000 கி.மீ. இறங்காமல் பறந்தது பதிவாகியிருக்கிறது. வடக்கே திரும்பும்போது மே மாதத்தில் அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில் இறங்குகின்றன. அங்கே அவற்றுக்குக் கிடைப்பது இரண்டு வாரம், கொஞ்சம் கூட. அதற்குள் எடை 180 கிராமைத் தாண்டியாக வேண்டும். துருவத்தில் போய் இறங்கும்போது நிலம் இன்னும் பனியில் கிடக்கும். முதல் நாட்களுக்கான சாப்பாட்டையும் உடம்பிலேயே சுமந்து போகவேண்டும்.

அந்த இரண்டு வாரத்தில் சுருங்கிய வயிற்றுக்கு ஏற்ற விருந்தை வைப்பது குதிரைலாட நண்டு. பெயர்தான் நண்டு, உறவு சிலந்திக்கும் தேளுக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய உயர் ஓதங்களில் கூட்டங்கூட்டமாகக் கரையேறி மணலில் முட்டையிடும். கடுகை நினைவூட்டும் பச்சை நிற முட்டைகள்; ஓடு அரைக்கும் வேலை இல்லை, கொழுப்பு மிகுதி. ஆனால் நண்டு முட்டையைப் புதைப்பது ஒரு சாண் ஆழத்தில். உள்ளானின் அலகு அதுவரை போகாது. அடுத்தடுத்து வரும் நண்டுகள் அதே இடத்தைத் தோண்டி முந்தைய குழிகளைக் கலைக்கும்போதும், அலை மணலைப் புரட்டும்போதும்தான் முட்டைகள் மேலே வருகின்றன. நண்டுகள் நெருக்கியடித்தால்தான் பறவைக்குப் பந்தி. நண்டு கூட்டம் மெலிந்தால், கரையில் நண்டு இருந்தும் மேற்பரப்பில் முட்டை இராது.

1990-களில் நடந்தது அதுதான். விலாங்கும் சங்கும் பிடிக்கும் பொறிகளில் வைக்கும் இரையாகக் குதிரைலாட நண்டுகளை அள்ளினார்கள். உச்சத்தில் ஒரே ஆண்டில் அமெரிக்க அட்லாண்டிக் கரையில் பிடிபட்டவை 20 லட்சத்துக்கும் மேல். இந்த நண்டு பருவமடையவே ஒன்பது, பத்து ஆண்டுகள் ஆகும் என்பதால், அள்ளிய இடம் சீக்கிரம் நிரம்பவில்லை. 1989-இல் டெலவேர் விரிகுடாவில் ஒரே சமயத்தில் 90,000-க்கும் மேற்பட்ட உள்ளான்கள் எண்ணப்பட்டிருந்தன. 2021-இல் எண்ணிக்கை 7,000-ஐத் தொடவில்லை. நியூஜெர்சி மாநிலம் 2008-இல் நண்டு பிடிக்கத் தடை விதித்தது. 2014 டிசம்பரில் அமெரிக்க அரசு ரூஃபாவை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவித்தது. ஊசி மருந்துகளில் பாக்டீரியா நச்சு கலந்திருக்கிறதா என்று சோதிக்க நண்டின் நீல ரத்தம் எடுக்கப்படுவது தொடர்கிறது. ரத்தம் எடுத்த பின் கடலில் விடப்படுபவற்றில் ஒரு பகுதி பிழைப்பதில்லை. ஆய்வகத்தில் உருவாக்கிய மாற்றுப்பொருள் கைவசம் இருக்கும்போது அது முழுமையாகப் புழக்கத்துக்கு வர இத்தனை காலம் பிடிப்பது வருத்தத்துக்குரியது.

இந்தச் சரிவின் நடுவே ஒரு பறவை நிலைத்தது. 1995 பிப்ரவரியில் அர்ஜென்டினாவின் ரியோ கிராண்டே கரையில் வளையமிடப்பட்டு, பிறகு 'பி95' என்ற அடையாளக் கொடி பெற்ற ஆண் பறவை அது. வளையமிடும்போதே வளர்ந்த பறவை. 2014 வரை கண்ணில் பட்டது. தன் வாழ்நாளில் பறந்த தொலைவு நிலாவுக்குப் போய்ப் பாதிக்கு மேல் திரும்பியதற்குச் சமம் என்பதால் 'மூன்பேர்ட்' என்றழைத்தார்கள்.

டெலவேர் விரிகுடாவில் மே, ஜூன் இரவுகளில் தன்னார்வலர்கள் கைவிளக்கோடு கரையில் நடக்கிறார்கள். அலை புரட்டிப்போட்டதில் மல்லாந்து கிடக்கும் நண்டுகள், நிமிர முடியாவிட்டால் விடிந்ததும் வெயிலில் காய்ந்து சாகும், அல்லது கடற்காகங்கள் கொத்தித் தின்னும். புதிதாக வருபவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது, வாலைப் பிடித்துத் தூக்காதே என்பதை. மல்லாந்த நண்டு மணலில் ஊன்றி நிமிர்வதே அந்த வாலால்தான். ஓட்டின் இரு விளிம்புகளையும் பிடித்து மெதுவாகப் புரட்டிவிட்டால், அது கொஞ்ச நேரம் அப்படியே கிடந்து, பிறகு தண்ணீரை நோக்கி ஊர்ந்து போகும்.