பாஸ் லினக்ஸ்: பதிப்புத் தேர்வு

பாஸ் லினக்ஸ் என்பது டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கி, 2007-இல் வெளியிட்ட கட்டற்ற இயங்குதளம். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்கும். தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் இதுவும் சேர்ந்தே வந்தது. பொதுப் பயன்பாட்டுக்கான பதிப்பு தவிர, பள்ளிகளுக்கென எஜுபாஸ் உண்டு.

பாஸ் உட்பட எந்த லினக்ஸானாலும் முதலில் பார்க்க வேண்டியது செயலி 32 பிட்டா, 64 பிட்டா என்பதே. 2025-இல் வந்த டெபியன் 13, 32 பிட் கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டது. நினைவகம் 2 ஜிபிதான் என்றால் குனோம் மேசைச்சூழலை விட்டு எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்கியூடி போன்ற எளிய ஒன்று நல்லது.

அடுத்தது ஆதரவுக் காலம். எடுத்துக்காட்டாக, உபுண்டு லினக்ஸின் நீண்டகாலப் பதிப்பு இரண்டு ஆண்டுக்கொருமுறை ஏப்ரலில் வரும். 5 ஆண்டுகள் இலவசமாகப் பாதுகாப்புத் திருத்தம் பெறும். இடைக்காலப் பதிப்புக்கு 9 மாதமே. புதிய எண் என்பதற்காக மட்டும் அதை நாடுவது வீண் வேலை.

தாண்டிக்குடி போன்ற மலையூர்களில் செல்பேசி இணையத்தை மட்டும் நம்பியிருப்போர், பொதிகளை நிறுவும்போது இணையத்திலிருந்து இறக்கும் சிறு கோப்பைத் தவிர்த்து, முழு நிறுவல் கோப்பையே பென்டிரைவில் கொண்டுவருவது மேல். நிறுவாமலே இயக்கும் நேரடி முறை அதில் இருந்தால், நிறுவுமுன் அப்படி இயக்கி, வைஃபையும் ஒலியும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.