ஹெல்ஃபயர் கிளப் (வரைகதை)

ஹெல்ஃபயர் கிளப் என்பது அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் வெளியிடும் எக்ஸ்-மென் வரைகதைகளில் இடம்பெறும் செல்வந்தர் சங்கம் ஆகும். கிறிஸ் கிளேர்மான்ட், ஜான் பைர்ன் ஆகியோர் உருவாக்கிய இச்சங்கம், சனவரி 1980 எனத் தேதியிடப்பட்ட 129ஆம் இதழில் அறிமுகமானது. வெளிப்பார்வைக்கு இது உயர்குடியினர் கூடும் விருந்து மாளிகை. உள்ளே, சதுரங்கக் காய்களின் பெயர்களைப் பட்டங்களாகச் சூடிய சிறு குழுவொன்று அதிகாரத்திற்காகச் சதி செய்கிறது. இக்குழுவினர் பலர் புகழ்பெற்ற நடிகர்களின் சாயலில் வரையப்பட்டவர்கள்.

தோற்றம்

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இப்பெயரில் சங்கங்கள் இருந்தன. எனினும் வரைகதைக்கு நேரடித் தூண்டுதல், தி அவெஞ்சர்ஸ் என்ற பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடரின் 1966ஆம் ஆண்டு அத்தியாயம் ஒன்றாகும் (இத்தொடருக்கும் மார்வெலின் அதே பெயருடைய வரைகதைக்கும் தொடர்பில்லை). அமெரிக்காவில் ஏபிசி நிறுவனம் அந்த அத்தியாயத்தை ஒளிபரப்ப மறுத்தது. அதில் டயானா ரிக் ஏற்ற எம்மா பீல் பாத்திரத்தின் பெயரும் உடையும் எம்மா ஃபுரோஸ்ட் உருவாக வழிவகுத்தன. கிளேர்மான்ட், பைர்ன் இருவரும் இங்கிலாந்தில் பிறந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

சாயலும் பெயரும்

முகம் நடிகருடையது, பெயரோ நடிகரின் பெயரையும் அவருடன் தொடர்புடைய திரைப்பாத்திரங்களின் பெயர்களையும் கலந்து அமைக்கப்பட்டது. டொனால்ட் பியர்ஸ், மாஷ் (1970) படத்தில் ஹாக்ஐ பியர்சாக நடித்த டொனால்ட் சதர்லாந்தின் சாயல் உடையவர். ஹாரி லீலண்ட், ஆர்சன் வெல்சின் சாயல். தி தேர்ட் மேன் (1949) படத்தில் வெல்ஸ் ஏற்ற பாத்திரம் ஹாரி லைம், அவர் இயக்கிய சிட்டிசன் கேன் (1941) படத்தில் வருபவர் லீலண்ட். செபாஸ்டியன் ஷாவின் முகம் 1978இல் மறைந்த ராபர்ட் ஷாவுடையது.

ஜேசன் விங்கார்ட்

இவர்களுள் கதையோட்டத்திற்கே பயன்பட்ட சாயல் இவருடையது. மேற்கூறிய 1966 அத்தியாயத்தில் சங்கத் தலைவராக நடித்த பீட்டர் விங்கார்ட், பின்னர் ஜேசன் கிங் என்ற துப்பறியும் எழுத்தாளராகத் தொலைக்காட்சியில் புகழ்பெற்றார். ஜீன் கிரேயை மயக்கி வீழ்த்தும் இக்கதைமாந்தர், உண்மையில் 1964 முதல் எக்ஸ்-மென் கதைகளில் வந்த, ஒட்டிய முகமுடைய மாயத்தோற்ற வல்லுநர் மாஸ்டர்மைண்ட் ஆவார். அதாவது நடிகரின் முகம் கதைக்குள்ளும் ஒரு முகமூடியே. தொலைக்காட்சித் தொடரை அறிந்த வாசகருக்கு அப்பெயரே ஐயத்தை எழுப்பியிருக்கும். விந்தை என்னவெனில், அதுவரை இயற்பெயர் சொல்லப்படாதிருந்த மாஸ்டர்மைண்டுக்குப் பின்னாளில் ஜேசன் விங்கார்ட் என்பதே இயற்பெயராக நிலைத்துவிட்டது.

பிற எடுத்துக்காட்டுகள்

டிசி நிறுவனத்தின் ஜான் கான்ஸ்டன்டைன் (1985), பாடகர் ஸ்டிங்கை வரைய விரும்பிய ஓவியர்களுக்காக ஆலன் மூர் படைத்த பாத்திரம் ஆகும். இத்தகைய சாயல்கள் எப்போதும் விளையாட்டாகக் கொள்ளப்படவில்லை. 1990ஆம் ஆண்டு டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் 15ஆம் இதழின் அட்டையில், கிறித்தவப் பாடகி ஏமி கிராண்டின் இசைத்தொகுப்பு உறைப்படத்தை ஒத்த முகம் இடம்பெற்றது. மாந்திரீகக் கதையுடன் இணைக்கப்படுவது அவருடைய நற்பெயரைக் கெடுக்கும் என அவருடைய மேலாளர்கள் மார்வெல் மீது வழக்குத் தொடுத்தனர். வழக்கு உடன்பாட்டில் முடிந்தது.